வாட்டர் டெம்பிள்ல ஒரு சாவி குறையுது, மண்டை காயுது

கேள்வி (தூண்டில்காரன்):
ஜெல்டா வீடியோ கேம் ஒக்கரினா ஆஃப் டைம் இப்பதான் முதல் தடவை ஆடுறேன், நின்டெண்டோ சுவிட்ச்ல இருக்குற பழைய என்64 (நின்டெண்டோ 64) வெர்ஷன். ஹைலியா ஏரிக்கு அடியில இருக்குற வாட்டர் டெம்பிள்ல மூணு நாளா சுத்திட்டு இருக்கேன். தண்ணியை முழுசா இறக்கியாச்சு, நடு கோபுரத்துல தாலாட்டு ட்யூன் வாசிச்சு பாதி ஏத்தியாச்சு, ஆனா எங்க போனாலும் பூட்டின கதவுதான், கையில சாவி இல்ல. கேம் பக் ஆயிடுச்சா? மறுபடி முதல்ல இருந்து ஆடணுமா?

கோழிக்காரன்:
பக் எல்லாம் இல்ல ப்ரோ, எல்லாரும் தவற விடுற சாவி அது. பாதி ஏத்தினதும் நேரா வெளிய நீந்திப் போயிருப்பீங்க. அங்கேயே, கோபுரத்துக்குள்ள கீழ பாருங்க, முன்னாடி தரையில உக்காந்திருந்த பெரிய கட்டை இப்ப மிதக்கும், அது இருந்த இடத்துல ஒரு ஓட்டை. அயர்ன் பூட்ஸ் (தண்ணிக்கு அடியில முங்க வைக்கிற கனமான இரும்பு பூட்ஸ்) போட்டு அதுல இறங்குங்க. காம்பஸ் எடுத்திருந்தா மேப்ல திறக்காத பெட்டி தெரியும், அதையும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

பழையகார்ட்ரிட்ஜ்:
இந்த டெம்பிள் கஷ்டம்னு சொல்றதே பாதி புரளி. புதிர் எல்லாம் அருமையா இருக்கும், ஒரே தண்ணி மூணு மட்டத்துல நின்னா அதே ரூம் மூணு ரூமாயிடுது, 1998ல எவன் இப்படி யோசிச்சான்? கடுப்பே அந்த பூட்ஸ்தான். ஸ்டார்ட் அமுக்கு, பக்கம் திருப்பு, பூட்ஸ் போடு, வெளிய வா, ரெண்டடி நடந்துட்டு திரும்ப கழட்டு. இந்த டெம்பிளை டிசைன் பண்ண எய்ஜி அவோனுமாவே பின்னாடி இதுக்கு வருத்தப்பட்டாரு, 2011ல நின்டெண்டோ 3டிஎஸ்க்கு கேம் வந்தப்ப பூட்ஸை ஒரு பட்டன்லயே போட்டு கழட்டுற ஐட்டமா மாத்தி, ட்யூன் வாசிக்கிற இடத்துக்கு வழிகாட்ட சுவத்துல கலர் கோடும் போட்டு குடுத்துட்டாங்க.

கோழிக்காரன்:
கோடு போட்டு குடுத்தா அப்புறம் என்ன இருக்கு, தொலைஞ்சு போறதுலதானே மஜாவே.

தூண்டில்காரன்:
கிடைச்சிருச்சு!! அந்த ஓட்டைக்கு மேலயே எத்தனை தடவை நீந்திருப்பேன். அதை வச்சு முன்னேறி இப்ப வேற ரூம், மூட்டமா, முட்டிக்கு கீழ தண்ணி, நடுவுல ஒரு பட்டமரம். எதிர்க்கதவு பூட்டியிருக்கு, திரும்பினா மரத்தடியில கருப்பா நானே நிக்கிறேன். வாளை நீட்டி குத்தினா என் வாள் மேலயே ஏறி நிக்கிறான் பாவி.

பழையகார்ட்ரிட்ஜ்:
வாங்க வாங்க, அவன்தான் டார்க் லிங்க், நம்ம ஹீரோ லிங்க்கோட கருப்பு நகல். மரத்தை தாண்டும்போது தண்ணியில உங்க பிம்பம் காணாம போயிருக்கும், கவனிச்சீங்களா? குத்தாதீங்க, சுத்தியலை எடுங்க, இல்லன்னா டின்ஸ் ஃபயர்ங்கிற நெருப்பு மந்திரம். முடிச்சா லாங்ஷாட் (தூரத்துல இருக்குறதை இழுக்குற நீள கொக்கிச் சங்கிலி) கிடைக்கும், இந்த டெம்பிளோட கடைசி பாஸ் மோர்ஃபா கிட்ட அதுதான் வேணும், தண்ணிக்குள்ள இருக்குற அதோட உருண்டையை இழுத்து மூலைக்கு கொண்டு வந்துட்டு அடி அடினு அடிச்சா அது தண்ணிக்குள்ள திரும்பவே போகாது.