யோகிச்சின் கையைப் பார்த்து அப்பு கேட்ட கேள்வி

பரந்தன் பொடியன்:

அமெரிக்கக் கூடைப்பந்து அணி டென்வர் நகெட்ஸின் ஆட்டம் பார்க்கிற ஆட்கள் வன்னியில் வேறு யாரும் இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கோ. என்னுடையது இது.

2023 இறுதிப் போட்டி, மயாமியோடு ஐந்தாவது ஆட்டம். அங்கே திங்கள் இரவு, இங்கே செவ்வாய் விடிய ஆறு மணி. வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் வேப்பமரத்தடிக்குக் கதிரையைக் கொண்டுபோய், போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் கறந்துவிட்டு வாளியோடு வந்த அப்பு அப்படியே நின்றுவிட்டார். கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாத மனுசன். அந்த நேரம் பார்த்து டென்வரின் பெரிய ஆட்டக்காரன் யோகிச், ஒருத்தரும் மறிக்காமல் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ போட நிற்கிறான், கமரா கிட்டப் போகிறது, இரண்டு கையிலும் தோளில் இருந்து முழங்கை வரைக்கும் சிவப்புச் சிவப்பாய்க் கீறல், எதிரணிக்காரர் பிறாண்டினது. அப்பு குனிந்து வடிவாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உவன் மாடு பிடிக்கிறவனோ?"

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. அவன் ஆட்டம் முடிந்தால் செர்பியாவில் சொம்போர் என்ற தன் ஊருக்கு ஓடிப்போய்க் குதிரைகளோடு நிற்கிறவன் என்று அப்புவுக்கு யார் சொன்னது? அதுவும் சும்மா குதிரைச் சவாரி இல்லை, பின்னால் இரண்டு சில்லு வண்டி பூட்டி ஓட்டுகிற போட்டி. எங்கடை மாட்டு வண்டிச் சவாரிக்குச் சொந்தக்கார விளையாட்டு என்றே சொல்லலாம். அன்றைக்கு 94-89 என்று வென்று, 1976இல் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்குக்கு வந்த அணி முதல் தடவை கிண்ணம் தூக்குகிறது. ஊர்வலம் வியாழக்கிழமை என்று சொன்னதும் அவன் தலையில் கை வைக்காத குறை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் குதிரைப் போட்டி, அதுக்குப் போக வேண்டும் என்ற கவலைதான் அவனுக்கு! கல்யாண மோதிரத்தைச் சப்பாத்து நாடாவில் கட்டிக்கொண்டு விளையாடுகிறவன். 2014இல் என்பிஏ அணிகள் புது ஆட்களைத் தெரிவு செய்கிற நிகழ்ச்சியில் 41ஆவது ஆளாக அவன் பெயரைக் கூப்பிட்டபோது அமெரிக்க டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவன் ஊரில் நித்திரை. இப்படி ஒரு ஆளை நான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை.

முள்ளியவளைத் தங்கச்சி:

அண்ணா, கதை நல்லாயிருக்கு, ஆனால் யோகிச் தனியாகவா வென்றவர்? மூன்றாவது ஆட்டத்தை மறந்துபோனீங்களோ? யோகிச் 32 புள்ளி, 21 ரீபவுண்ட் (தவறின பந்தைப் பிடிக்கிறது), 10 அசிஸ்ட் (மற்றவர் போடப் பந்து குடுக்கிறது). அவரோடு விளையாடுகிற ஜமால் மரே 34, 10, 10. ஒரே அணியில் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தில் முப்பதுக்கு மேல் அடித்து, மூன்றிலும் பத்தோ அதுக்கு மேலோ எடுக்கிற ட்ரிப்பிள் டபுளும் எடுத்தது அதுதான் முதல் தடவை.

நான் பாடசாலையில் வலைப்பந்து விளையாடினவள். கிரவல் தரையில் பாய்ந்து இறங்கும்போது இடது முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம், சவ்வு கிழிந்துவிட்டது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னை அணிக்குக் கூப்பிடவில்லை. வீட்டில் கிடந்த காலத்தில்தான் கனடாவில் கிச்சனரில் இருக்கிற மச்சாள் மரேயின் கதையை அனுப்பினாள், அவன் அந்த ஊரில் பிறந்தவன். சின்னனில் தகப்பன் பனிக்குள்ளே தண்டால் எடுக்க வைத்து வளர்த்த பிள்ளை. 2021 ஏப்ரலில் அதே சவ்வு கிழிந்து, அடுத்த பருவம் முழுக்க விளையாடவில்லை. காயப்பட்ட அன்று பஸ்ஸில் கண் கலங்கி, "என்னை வேறு அணிக்குக் குடுத்துவிடுவீங்களோ, நான் இனி உடைந்த சாமான்தானே" என்ற மாதிரிக் கேட்டிருக்கிறான். அப்போதைய பயிற்சியாளர் மலோன் அவனைக் கட்டிப்பிடித்து, நீ எங்களுடைய ஆள் என்றாராம். கிண்ணம் வென்ற இரவு மரே அழுததைப் பார்த்தபோது என் கை தானாக முழங்காலுக்குப் போனது. அதனால்தான் யோகிச் யோகிச் என்று மட்டும் எழுதினால் எனக்குப் பொறுக்காது.

வவுனியா மாஸ்டர்:

தங்கச்சி, நீங்கள் சொல்வது சரி. நான் பெரிய கதை ஒன்றும் கொண்டுவரவில்லை. யோகிச் நிலத்தை விட்டு எழும்பாமலே பந்து போடுவதை எங்கள் பெடியளுக்குப் போனில் காட்டினேன், அடுத்த நாள் ஒருத்தரும் பாயாமல் நின்று எறிந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் முழங்காலைப் பற்றிச் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சை செய்தீர்களோ தெரியாது. செய்திருந்தால் ஒன்பது மாதத்துக்கு முன்னம் பாய்கிற விளையாட்டுக்குத் திரும்பவே கூடாது, திரும்பக் கிழிகிற ஆபத்து அந்தக் காலத்தில்தான் கூட. தொடைக்கு முன்பக்கம் மட்டுமில்லை, பின்பக்கத் தசையையும் பலப்படுத்துங்கோ. பாய்ந்து இறங்கும்போது இரண்டு காலிலும், முழங்காலை மடக்கி, மெதுவாக இறங்கிப் பழகவேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயுதோ என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கோ. பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் கூட வருகிறது, ஆனபடியால் வெறும் ஓட்டத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கிரவல் தரையில் இனி வேண்டவே வேண்டாம். காயம் ஆறிவிட்டது என்று நீங்களே முடிவு எடுக்காமல், பிசியோவிடம் ஒரு காலில் பாய்ந்து காட்டிவிட்டு விளையாட இறங்குங்கோ.

முல்லைத்தீவுக் கரை:

மாஸ்டர், பிள்ளை கேட்டதோ? விடுங்கோ.

எனக்குப் பிடித்தவன் அதே டென்வர் அணியின் ஆரோன் கோர்டன். 2025 ஏப்ரல், கிளிப்பர்ஸ் அணியோடு நாலாவது ஆட்டம், இங்கே ஞாயிறு விடிய. கரைவலை இழுக்க முதல் நாங்கள் ஆறேழு பேர் தோணியில் சாய்ந்துகொண்டு ஒரு போனைப் பார்க்கிறோம். கடைசிக் கால்பகுதியில் 20 புள்ளிக்கு மேல் முன்னுக்கு நின்ற டென்வர், அவ்வளவையும் விட்டு 99-99. யோகிச் எறிந்த பந்து வளையத்திலும் படாமல் வருகிறது, கோர்டன் பாய்ந்து அதை அந்தரத்தில் பிடித்து உள்ளே குத்திவிட்டான். நேரம் முடிந்ததோ இல்லையோ? நடுவர்மார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சம்மாட்டி கத்துகிறார், ஒருத்தரும் அசையவில்லை. சரி என்று கை காட்டினதும் மணலில் விழுந்து எழும்பினோம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவன் முதுகில் இருந்த 32 என்ற இலக்கம். முந்தி 50 போட்டவன். அண்ணன் ட்ரூ 2024இல் வாகன விபத்தில் போனபிறகு அண்ணனின் இலக்கத்தை எடுத்துக்கொண்டான். என் அண்ணாவின் சேட்டு ஒன்று இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது, நான் போட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன்.

பரந்தன் பொடியன்:

கரை அண்ணை, உங்களுடையதை இரண்டு தரம் வாசித்தேன். தங்கச்சி, மரே விசயத்தில் பிழை என்னுடையதுதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

நேற்று அப்புவுக்கு யோகிச்சின் குதிரை வண்டி ஓடின காணொளி ஒன்று தேடி எடுத்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் வட்டக்கச்சிப் பக்கம் சவாரிக்கு மாடு கொண்டுபோனவர், போனை வாங்கி மூக்குக்குக் கிட்ட வைத்து முழுக்கப் பார்த்தார். குதிரை யோகிச்சுடையது, ஓட்டுகிறது வேறொருத்தன் என்று சொன்னதும் தலையை ஆட்டினார். "நல்லது. உவ்வளவு பெரிய ஆளை நான் என்ரை வண்டியிலை ஏறவிடமாட்டன், மாடு பாவம்."