புதுப்பிப்பு: கோயில் சபையின் டொமைன் பெயர்
போன மாதம் எழுதியிருந்தேன்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், எங்கள் கோயில் சபையின் டாட் காம் இணைய முகவரியைப் புதுப்பிக்க மறந்துவிட்டோம், முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பதிந்துகொண்டு 2,000 டாலர் கேட்கிறார் என்று.

கொடுக்கவில்லை. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறைப்படி புகார் செய்யலாம். ஆனால் அத்தகைய புகார்களை விசாரிக்கும் வைப்போவில் (ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பு) ஒற்றை நடுவர் என்றாலே 1,500 டாலர் கட்டணம். பெயரில் நமக்குள்ள வணிகச்சின்ன உரிமை, அவருடைய தீய நோக்கம் எல்லாவற்றையும் நாமே நிரூபிக்க வேண்டும். காவடிக்கு வசூலித்த பணத்தை அதில் போட மனம் வரவில்லை.

"முந்தியவருக்குத்தானே பெயர்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பொதுச்சொல்லை இணைய முகவரியாக வாங்கி விற்பதை நான் குறை சொல்லவில்லை. பக்தர்கள் பல வருடம் தேடிவந்த பெயரைப் பிடித்துவைத்து விலை பேசுவது அநியாயம்.

சரி, தென்னாப்பிரிக்காவுக்கான டாட் கோ டாட் இசட்ஏ-வில் புதுப்பெயர் பதிந்துவிட்டோம். பழைய முகவரிக்கு யாரும் நன்கொடை அனுப்பிவிடாதீர்கள்.