மெய்நிகர் உலகக் கூட்டங்களில் குரல் வசதி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரி தொடங்கியவர், திருச்சி

வணக்கம். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் வாராவாரம் கூடும் ஒரு வாசிப்புக் குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். ஆளுக்கொரு நாடு, பேச்சு ஆங்கிலத்தில்தான். இரண்டு வருடமாகக் குரல் ஏற்பாடு என் பொறுப்பு. அங்கே கடிகாரம் கலிஃபோர்னியா நேரத்தில் ஓடும். வெள்ளி மாலை 7 மணி என்றால் நமக்குச் சனி காலை 7.30, குளிர்காலமானால் 8.30. இங்கேயும் இப்படிக் குழு நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொறுப்பேற்ற முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். தரையில் மெத்தைகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தேன். ஒருவர் கவிதை வாசிக்கத் தொடங்கினார். எனக்கு நன்றாகக் கேட்டது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்த ஆறு பேர் மட்டும் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். மைக்கை மாற்றச் சொன்னேன், வெளியே போய்த் திரும்பி வரச் சொன்னேன். நாற்பது நிமிடம் போய்விட்டது. கடைசியில் மனையின் (அந்த உலகில் பிரித்துக் கொடுக்கும் நிலத்துண்டின்) எல்லையைத் திரையில் தெரிய வைத்துப் பார்த்தால், கோடு என் வட்டத்தின் குறுக்கே போகிறது. மனை அமைப்பில் 'குரல் இந்த மனைக்குள் மட்டும்' என்ற பெட்டியில் டிக் இருந்தது. பக்கத்து மனைச் சத்தம் வரக் கூடாதென்று நானே போட்ட டிக். மெத்தைகளைக் கொஞ்சம் நகர்த்தியதும் எல்லோருக்கும் கேட்டது. வாசித்தவர் அதே கவிதையை மூன்றாம் முறையாக முதல் வரியிலிருந்து தொடங்கினார். அந்தப் பொறுமைக்கு இன்றும் அவருக்கு நன்றியோடிருக்கிறேன்.

அன்றிலிருந்து அரைமணி முன்னதாகவே போய்விடுவேன். ஒவ்வொருவராக வந்து உட்காரும்போது தலைக்கு மேல் பார்ப்பேன். குரல் இணைந்தவருக்கு ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். பேசினால் அதிலிருந்து பச்சை அலை கிளம்பும். மைக் சத்தம் மிகுந்தால் சிவப்பாகும். புள்ளி இல்லாதவரிடம் தனிச் செய்தியில் போய், எந்த வியூவர் (அந்த உலகத்துக்குள் நுழையும் மென்பொருள்), எந்தப் பதிப்பு என்று முதலில் கேட்பேன். செகண்ட் லைஃபில் 2007இல் குரல் வந்தபோது அது விவாக்ஸ் என்ற வெளி நிறுவனத்தின் குரல் சேவை வழியாக ஓடியது, அதற்கென்று தனி நிரல் வேண்டும், ஃபயர்வால் அதைத் தடுத்துவிடும். பிறகு வெப்ஆர்டிசி என்ற வேறு குரல் முறைக்கு மாறத் தொடங்கியது. மாறிய இடங்களில் பழைய வியூவர் வைத்திருப்பவருக்குக் குரல் வராது, மைக்கை எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் பயனில்லை.

இன்னொன்று, காது எங்கே இருக்கிறது என்பது. அவதாரின் (திரையில் நமக்காக நடமாடும் உருவத்தின்) இடத்திலிருந்து கேட்பதா, கேமரா இருக்கும் இடத்திலிருந்து கேட்பதா என்று தேர்ந்தெடுக்கலாம். எங்கள் குழுவில் ஒரு அம்மா, வட்டம் முழுவதையும் படம் எடுக்கக் கேமராவை மேலே மேலே கொண்டுபோவார். 'எல்லாரும் மெதுவாகப் பேசுகிறீர்களே' என்பார். அவர் காதும் கேமராவோடு வானத்துக்குப் போய்விட்டிருக்கும்.

உறுப்பினர், சேலம்

எங்களுடையது குடும்பக் கூட்டம். தங்கை பிள்ளைகள் இருவர் இங்கே, அண்ணன் மகன் டொராண்டோவில். ஞாயிறு இரவு மைன்கிராஃப்ட் விளையாட்டில் சேர்கிறார்கள். 'சிம்பிள் வாய்ஸ் சாட்' மாட் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டிருக்கிறோம். அதில் குரல் இயல்பாக 48 கட்டை தூரம் வரைதான் போகும், விலக விலகத் தேயும்.

வீட்டு இணைப்பில் எனக்கென்று தனி இணைய முகவரி கிடையாது, பல வீடுகளுக்குப் பொதுவான ஒன்றுதான். அதனால் ஒரு டனல் சேவை (வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு வழி திறந்து தருவது) வழியாக சர்வரைத் திறந்தேன். விளையாட்டு ஓடியது. குரல் மட்டும் வரவில்லை, திரையின் மூலையில் இணைப்பு அறுந்ததைக் காட்டும் குறி. இரண்டு ஞாயிறு வீணாயின. விளையாட்டு 25565 போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) டிசிபி என்ற முறையில் ஓடுகிறது, குரலோ 24454இல் யுடிபி என்ற வேறு முறையில். நான் திறந்த வழியில் டிசிபி மட்டும்தான் போகும். பிறகு மும்பையில் ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்கு எடுத்து இரண்டு போர்ட்டையும் திறந்தேன், அவ்வளவுதான்.

முதல் முறை குரல் வந்த இரவை மறக்க முடியாது. சின்னவளுக்கு ஏழு வயது. குகைக்குள் வழி தவறிவிட்டாள். டொராண்டோ பையன், "நான் பேசிக்கிட்டே இருக்கேன், சத்தம் பெருசாகிற பக்கமா வா" என்றான். பேச விஷயமில்லாமல் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தான். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி, "இப்ப இடது காதுல வருது மாமா" என்று என்னிடம் சொல்லிச் சொல்லித் திரும்பினாள். விசைப்பலகையை நான் அழுத்தினேன். ஒரு வருடம் முன்பு நேரில் பார்த்தபோது வெட்கப்பட்டுப் பேசவேயில்லை அந்தப் பிள்ளைகள். தூரம் தடையாக இருந்தால் மாட்டிலேயே ஒரு குழு உருவாக்கலாம், எங்கிருந்தாலும் கேட்கும். பிள்ளைகள் அதை வேண்டாமென்றுவிட்டார்கள். தேடிப் போவதில்தான் அவர்களுக்கு இஷ்டம்.

உறுப்பினர், கோவை

நான் மொசில்லா ஹப்ஸ் என்ற மெய்நிகர் அறைச் சேவையில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். பிரவுசரிலேயே திறக்கும், எதையும் நிறுவ வேண்டாம், அதனால் குரல் சுலபம் என்று நினைத்தேன். ஒரே விடுதி அறையிலிருந்து மூன்று பேர் ஸ்பீக்கரைத் திறந்து வைத்து நுழைந்தார்கள். ஒருவன் ஸ்பீக்கர் சத்தம் இன்னொருவன் மைக்கில் ஏறி, ஊளை மாதிரி எழுந்தது, நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு அறைக்கு ஒரு மைக், மற்றவர்களுக்கு இயர்போன் கட்டாயம். மொசில்லா அந்தச் சேவையை 2024 மே 31 அன்று நிறுத்தியது. மாணவர்கள் சேர்ந்து அடுக்கிய வகுப்பறையும் அதோடு போயிற்று. மூல நிரல் திறந்ததுதான், நாமே நடத்தலாம், ஆனால் எனக்கு இன்னும் கைகூடவில்லை.

உறுப்பினர், ஈரோடு

திருச்சி அண்ணா, நீங்கள் எல்லோரும் மைக் வேலை செய்வதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் மைக் வேலை செய்தும் பேசாமல் இருந்தவள்.

விஆர்சாட் என்ற மெய்நிகர் உலகத்தில் ஒரு ஓவியக் குழுவில் இருக்கிறேன். வீட்டில் மிக்ஸி, குக்கர் விசில், மாமியார் கூப்பிடும் குரல். அது பாதிக் காரணம். இன்னொரு பாதி, வேறொரு குழுவில் முதல் நாள் வாயைத் திறந்த உடனே நடந்தது. ரோபோ அவதாரில் இருந்தேன். வணக்கம் சொன்னதும் பெண் குரல் என்று தெரிந்து இரண்டு பேர் என் பின்னாலேயே வந்தார்கள். அங்கே குரல் சாதாரணமாக 25 மீட்டர் வரை கேட்கும். நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தத் தூரத்துக்குள் வந்து நின்றார்கள். பிளாக் செய்யத் தெரியாது எனக்கு. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டேன், மூன்று மாதம் தொடவில்லை.

இப்போதிருக்கும் குழுவில் சேர்ந்த அன்று, நடத்தும் அக்கா முதலில் செய்தது மைக் சோதனை இல்லை. ஒருவரை எப்படி மியூட் செய்வது, எப்படி பிளாக் செய்வது என்று செய்து காட்டினார், நானும் அவர் மேலேயே செய்து பார்த்தேன். "இஷ்டப்பட்டப்ப பேசு, அதுவரைக்கும் எழுது, நான் வாசிச்சுச் சொல்றேன்" என்றார். நான் எழுதுவதை ஒரு எழுத்து மாறாமல் வாசிப்பார். ஐந்தாவது வாரம் நானாகவே மைக்கைத் திறந்தேன்.

திரி தொடங்கியவர், திருச்சி

தங்கை, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் வட்டத்தில் வெள்ளைப் புள்ளி இல்லாத சிலர் இருக்கிறார்கள். கோளாறு என்றே நினைத்து ஒவ்வொரு வாரமும் அவர்களுக்கு உதவிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவரிடம் கேட்டேன். "பேச விருப்பமில்லை, கேட்கத்தான் வருகிறேன்" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

அரட்டைப் பெட்டியில் வருவதை உரக்க வாசிக்க இந்தச் சனிக்கிழமையிலிருந்து ஒருவரைத் தனியாக வைத்திருக்கிறோம். எழுபது தாண்டிய ஒரு ஐயா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல இருக்கும். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்தால் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், அதுதான் காரணம். மகளுடைய பழைய வயர் இயர்போனைச் செருகச் சொன்னேன். செருகிவிட்டு, "இப்போது?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக இருந்தது.