‘செங்கோட்டை வீடு’ குழுவில் தாத்தா கேமரா

தென்காசி அத்தை: ஆச்சிக்கு எண்பது, 14ஆம் தேதி. மேசையில் தாத்தா படத்தோடு அவர் கேமராவும் இருக்கணும். யாரிடம் இருக்கிறது?

மதினி: தெரியாத மாதிரி 😄

புனலூர் சித்தப்பா: என்னிடம்தான். ஒளித்து வைக்கவில்லை.
📷 படம்

தென்காசி அத்தை: ஐயோ, தோல் உரிந்து கிடக்கிறதே! அப்போதே சொன்னேன், கேரளாவுக்குக் கொண்டுபோகாதே என்று.

புனலூர் சித்தப்பா: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே கேரளாவுக்கு முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது அக்கா. எல்லையை மாற்றியது நானா? தோலை உரித்தது மட்டும் நான். பொறுமையாகப் படிக்கவும். இது ஜெய்ஸ் ஐகான் நெட்டார், மடக்குக் கேமரா. தோலுக்கு அடியில் ரிவிட் இருக்கும். சாரல் ஈரத்தில் அது பச்சைக் களிம்பு பிடித்து, தோலைக் கொசு கடித்த மாதிரி தூக்கிவிட்டது. இதற்கு ஜெய்ஸ் தடிப்பு என்றே பெயர். ஓரத்தில் ஆல்கஹாலைப் பட்ஸால் தொட்டு வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளேடை நுழைத்து எடுத்தேன்.

மதினி: ஆல்கஹால் கேமராவுக்கா, மாமாவுக்கா?

கொல்லம் தம்பி: 😂😂

தென்காசி அத்தை: செருப்பு தைக்கிறவரிடம் கொடு. அரை மணி நேர வேலை.

புனலூர் சித்தப்பா: கூடவே கூடாது. செருப்புத் தோல் தடி, மூடி மூடாது. இதற்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போதும், ஓரத்தை உள்பக்கமாகச் சீவவும் வேண்டும். உரித்த தோல் காய்ந்தால் சுருங்கும், அதனால் அளவைக் கேமரா உடம்பிலேயே எடுத்துவிட்டேன். பின்பக்கத்துக்குப் புதுத் தோல். முன்பக்கம் பழசேதான், அதில்தானே ‘நெட்டார்’ என்று அழுத்தியிருக்கிறது.

கொல்லம் தம்பி: ஃபெவிக்விக் போதுமே

புனலூர் சித்தப்பா: கிட்டேயே கொண்டு போகாதே! அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். செருப்புக்குப் போடும் ரப்பர் பசைதான். இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு வைக்கணும். வைத்தால் வைத்ததுதான்.

மதினி: அப்போ செருப்புக்காரரிடம் போய்த்தான் ஆகணும்

தென்காசி அத்தை: அதைத்தானே சொன்னேன்

மதினி: ஆச்சியை அதிலேயே ஒரு படம் எடுக்கலாமா?

புனலூர் சித்தப்பா: இதற்குப் போடும் ‘120’ அளவு பிலிம் சுருள் இன்னும் கிடைக்கிறது, ஒரு சுருளில் 12 படம் வரும். முதலில் இருட்டில் டார்ச் அடித்து பெல்லோஸில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் துருத்தியில், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கணும்.

கொல்லம் தம்பி: நான் பகல் வண்டியில் வருகிறேன். வழியில் பிள்ளைகளுக்குப் பதிமூணு கண் ரயில் பாலம் காட்டணும்

தென்காசி அத்தை: மீட்டர் கேஜ் வண்டி அந்தப் பாலத்தில் போகிற படம் அப்பா எடுத்தாரே, அது எங்கே?

மதினி: 🤐

புனலூர் சித்தப்பா: பத்திரமாக இருக்கிறது.

தென்காசி அத்தை: அதுவும் உன்னிடமா!

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தென்காசி அத்தை: எதை அழித்தாய்?

தென்காசி அத்தை: சரி, விசேஷம் முடிந்ததும் இரண்டும் ஆச்சி வீட்டிலேயே இருக்கட்டும்.

புனலூர் சித்தப்பா: முதலில் பசை காயட்டும் அக்கா.

கொல்லம் தம்பி: வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கணுமா? எத்தனை கிலோ?