ஜூலை நெரிசலில் லைவ் ஆக்‌ஷன் 'மோவானா': வசூலை எப்படிக் கணிப்பது?

திரைக்கணக்கு (கேள்வி)

லைவ் ஆக்‌ஷன் 'மோவானா' (டிஸ்னியோட அனிமேஷன் படத்தை நிஜ நடிகர்களை வச்சுத் திரும்ப எடுக்கற ரீமேக்) 2026 ஜூலை 10-னு அறிவிச்சிருக்காங்க. அக்கம்பக்கம் பாருங்க: ஜூன் 19 'டாய் ஸ்டோரி 5', ஜூன் 26 'சூப்பர்கேர்ள்', ஜூலை 1 'மினியன்ஸ் 3', ஜூலை 17 நோலனோட 'தி ஒடிசி', ஜூலை 31 'ஸ்பைடர்மேன்'. மோவானாவையும் சேர்த்தா ஆறு வாரத்துல ஆறு பெரிய படம்.

2025-ல வந்த மூணு ரீமேக்கோட உலக வசூல்: 'ஸ்னோ ஒயிட்' 20.6 கோடி டாலர், 'லிலோ & ஸ்டிட்ச்' 103.8 கோடி, 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' 63.6 கோடி. ஒரே வருஷம், ஒரே வகைப் படம், ஏன் இவ்வளவு ஏற்ற இறக்கம்? நெரிசல்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது சரியாப் படல. கணக்குப் போடுறவங்க எதை முதல்ல பார்ப்பீங்க?

கடைசிவரிசை

நெரிசல் மேல பழி போடுறதுக்கு முன்னாடி, அமெரிக்காவுல ஒவ்வொரு படமும் இரண்டாவது வார இறுதியில எவ்வளவு சரிஞ்சதுன்னு பாருங்க. போட்டிப் படத்தோட அடி அங்கதான் விழும்.

'லிட்டில் மெர்மெய்ட்' (2023) முதல் மூணு நாள்ல 9.56 கோடி டாலர். அடுத்த வெள்ளிக்கிழமையே 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' 12 கோடியோட இறங்குச்சு. மெர்மெய்டோட சரிவு 57%. 'டிராகன்' 8.46 கோடியில ஆரம்பிச்சது. அடுத்த வாரம் வந்த பிக்ஸாரோட 'எலியோ' 2.08 கோடிதான் எடுத்துச்சு. டிராகனோட சரிவும் 57%! எதிர்ல மலை நின்னாலும் மடு இருந்தாலும் ஒரே சரிவு. 'லிலோ' 14.6-ல இருந்து 6.2-க்கு வந்தது, 58%. (லிலோவும் மெர்மெய்டும் மெமோரியல் டே விடுமுறையில வந்தவை. திங்கள் லீவுங்கறதால முதல் ஞாயிறு வீங்கியிருக்கும், அதனால அந்தச் சரிவைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணித்தான் பார்க்கணும்.)

'ஸ்னோ ஒயிட்' 4.22-ல இருந்து 1.43. அதாவது 66%. அந்த வார இறுதியில குழந்தைகளுக்குன்னு பெரிய படம் எதுவுமே எதிர்ல இல்ல. 'மைன்கிராஃப்ட்' வந்தது அதுக்கும் அடுத்த வாரம், ஏப்ரல் 4. ஆளே இல்லாத மைதானத்துல தோத்த படம் அது.

வேற வயசுக்காரங்களுக்கான படம் பக்கத்துல வந்தா பயப்படவே வேண்டாம். லிலோ வந்த அதே நாள் 'மிஷன் இம்பாசிபிள்' கடைசிப் பாகமும் வந்துச்சு. நாலு நாள்ல லிலோ 18.3 கோடி, மிஷன் 7.9 கோடி. காலை, மதியக் காட்சிகளைக் குடும்பங்கள் நிரப்பினா, ராத்திரிக் காட்சி இன்னொரு கூட்டத்துக்கு. தியேட்டர்காரங்களுக்கு இதைவிட வசதி கிடையாது.

அதனால மோவானாவுக்கு 'சூப்பர்கேர்ளை'யும் 'ஸ்பைடர்மேனை'யும் ஓரமா வைங்க. பார்க்க வேண்டியது 'மினியன்ஸ் 3'. அது புதன்கிழமை வந்து ஜூலை 4 விடுமுறையை அள்ளிட்டு, இரண்டாவது வார இறுதியில இருக்கும்போதுதான் மோவானா வருது. 'டாய் ஸ்டோரி 5'-க்கு அது நாலாவது வார இறுதி. ரெண்டு பிள்ளைங்க இருக்கற வீட்டுல நாலு வாரத்துல மூணு தடவை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? ரெண்டு தடவை போவாங்க. விடுபடப்போற அந்த ஒண்ணு எதுங்கறதுதான் கேள்வி. முதல் வார இறுதியிலதான் இது தெரியும், அடுத்த வாரச் சரிவுல இல்ல.

பங்குத்தொகை

வசூல் எண்ணை மட்டும் வச்சுப் பேசினால் பாதிக் கதைதான். பட்ஜெட்டைப் பக்கத்தில் வையுங்கள்.

எளிய கணக்கு: அமெரிக்க, கனடா வசூலில் ஸ்டுடியோவுக்கு வருவது ஏறத்தாழ 53%. வெளிநாட்டில் 40%. சீனாவில் 25%.

ஸ்னோ ஒயிட்: உள்நாடு 8.7 கோடி, பங்கு 4.6. வெளிநாடு 11.9 கோடி, பங்கு 4.7. மொத்தம் 9.3 கோடி டாலர். தயாரிப்புச் செலவு 25 கோடிக்கு மேல் என்று செய்திகள் வந்தன. விளம்பரச் செலவு தனி.

லிலோ: உள்நாடு 42.4, பங்கு 22.5. வெளிநாடு 61.4, பங்கு 24.6. மொத்தம் 47 கோடி. தயாரிப்புச் செலவு 10 கோடி.

டிராகன்: 26.3-க்கு 13.9, 37.3-க்கு 14.9, ஆக 28.8 கோடி. செலவு 15 கோடி.

லிலோ ஏன் மலிவு? முதலில் டிஸ்னி பிளஸ் தளத்துக்காகத் திட்டமிட்ட படம் அது. பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டரில் உருவாக்க வேண்டியது ஸ்டிட்ச் ஒருவனைத்தான். மற்றவர்கள் நிஜ ஆட்கள், நிஜ ஹவாய். ஸ்னோ ஒயிட்டில் ஏழு குள்ளர்களும் கம்ப்யூட்டர் வேலை, வெளியீடும் ஓராண்டு தள்ளிப்போனது.

மோவானாவில் கடல் இருக்கிறது. கம்ப்யூட்டரில் தண்ணீரை உண்டாக்கி, அதன் மேல் நிஜ மனிதரை ஈரமாக நிற்க வைப்பது செலவு பிடிக்கிற வேலை. ஒரு படத்துக்கு 20 கோடி ஆனால், இரண்டரை மடங்கு என்ற தோராயக் கணக்கில் 50 கோடி வசூல் வந்தால்தான் நஷ்டம் இல்லாமல் கரையேறும்.

வெளிநாட்டு விகிதத்தையும் விடாதீர்கள். 'லயன் கிங்' (2019) மொத்தம் 165.7 கோடி, அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்கு வெளியே. மெர்மெய்ட் மொத்தம் 56.9 கோடி, வெளியே பாதிகூட இல்லை. அமெரிக்காவில் கிட்டத்தட்ட 30 கோடி எடுத்தும் அந்தப் படம் தடுமாறியது அதனால்தான்.

இடைவேளை

மேல ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா மோவானாவோட உண்மையான சிக்கல் மினியன்ஸ் இல்லைன்னு நான் நினைக்கிறேன். மூலப் படத்துக்கும் ரீமேக்குக்கும் நடுவுல இருக்கற இடைவெளி.

'அலாவுதீன்' 1992, ரீமேக் 2019. 'லயன் கிங்' 1994, ரீமேக் 2019. 'லிலோ' 2002, ரீமேக் 2025. அன்னைக்கு எட்டு வயசுல பார்த்தவங்க இன்னைக்கு எட்டு வயசுப் பிள்ளையோட வர்றாங்க. டிக்கெட் எடுக்கறவங்களுக்கே அது சொந்த ஞாபகம். ஸ்னோ ஒயிட் 1937, அந்த ஞாபகம் யாருக்கும் மிச்சமில்ல. மோவானா 2016. அன்னைக்கு எட்டு வயசுன்னா இப்ப பதினெட்டு. குழந்தையும் இல்ல, பெற்றோரும் இல்ல. அதோட 'மோவானா 2' 2024 நவம்பர்லதான் வந்து 105.9 கோடி டாலர் எடுத்துட்டுப் போச்சு.

மறுபக்கமும் சொல்லணும். எதை எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு அளக்கற நீல்சன் நிறுவனக் கணக்குப்படி 2023-ல அமெரிக்காவுல ஓடிடியில அதிகம் ஓடின படம் 'மோவானா'. வந்து ஏழு வருஷம் ஆன படம்! தினமும் வீட்டுல ஓடுற படத்தை நிஜ முகங்களோட பார்க்கப் பிள்ளைங்க கண்டிப்பா இழுப்பாங்க. 'டிராகன்' 15 வருஷ இடைவெளியிலயே ஜெயிச்சது இதுக்கு ஒரு ஆதரவு. மூலப் படத்துல மாவிங்கற பாத்திரத்துக்குக் குரல் குடுத்த டுவெய்ன் ஜான்சனே நேர்ல நடிக்கறதும் பலம்.

திரை விஷயத்துல மட்டும் எனக்கு ஆறுதலே இல்ல. 'ஒடிசி' முழுக்க ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவுல எடுத்த படம். 70 எம்.எம். ஐமேக்ஸ் டிக்கெட்டை ஒரு வருஷம் முன்னாடி, 2025 ஜூலையிலயே வித்தாங்க. 'டிராகனுக்கு' ஐமேக்ஸ் திரை ரெண்டு வாரம் கிடைச்சது, அப்புறம் 'எஃப் 1' வாங்கிக்கிச்சு. 'ஒடிசி' வந்ததும் அந்தத் திரை போயிடும், அதனால மோவானாவுக்கு ஏழே நாள். ஐமேக்ஸ் டிக்கெட் விலை கூடுதல்ங்கறதால, சீட்டு எண்ணிக்கையை விட வசூல்ல இந்த இழப்பு பெருசாத் தெரியும். கடல் படத்தைப் பெரிய திரையில பார்க்கணும்னு காத்திருக்கற குடும்பத்துக்கும் நஷ்டம்.

திரைக்கணக்கு

நல்லாப் புரியுது, நன்றி. அப்ப வியாழக்கிழமை ப்ரிவியூ (வெள்ளி வெளியீட்டுக்கு முந்தின ராத்திரிக் காட்சிகள்) வசூலை வச்சு முதல் வார இறுதியைச் சொல்லிடலாமா?

கடைசிவரிசை

குடும்பப் படத்துக்கு அது ஏமாத்தும். ஸ்னோ ஒயிட் ப்ரிவியூ 35 லட்சம் டாலர், வார இறுதி அதைப் போல 12 மடங்கு. லிலோ 1.45 கோடி, 10 மடங்கு. டிராகன் 1.11 கோடி, ஏழரை மடங்கு. அதுல முன்கூட்டியே போட்ட சிறப்புக் காட்சிகளும் சேர்ந்திருக்கு, அதான் மடங்கு குறைவு. வியாழன் ராத்திரி வர்றவங்க ரசிகர்கள். சின்னப் பிள்ளைங்க வர்றது சனி காலையில.

இதைச் செய்யுங்க: வெள்ளி வசூல்ல ப்ரிவியூவைக் கழிச்சுட்டு, மிச்சத்தைச் சனியோட ஒப்பிடுங்க. சனி தெளிவா ஏறியிருந்தா குடும்பங்கள் வந்தாச்சு. அடுத்து சினிமாஸ்கோர், அதாவது முதல் நாள் படம் பார்த்தவங்ககிட்ட கேட்டு வாங்கற மதிப்பெண். லிலோவுக்கும் டிராகனுக்கும் 'ஏ', ஸ்னோ ஒயிட்டுக்கு 'பி பிளஸ்'. மத்த படங்களுக்கு 'பி பிளஸ்' பரவாயில்ல, குழந்தைப் படத்துக்கு அது மோசம். பெற்றோர் பெரும்பாலும் தாராளமா மதிப்பெண் போடறவங்க. அப்புறம் திங்கள் முதல் வியாழன் வரை பாருங்க. ஜூலையில அங்க பள்ளி லீவு, வார நாளும் ஓடும். மார்ச்ல வந்த ஸ்னோ ஒயிட்டுக்கு அந்த வசதி இல்ல.

டப்பிங்மேசை

தமிழ்நாட்டு நிலவரம் கொஞ்சம். இங்கே ஜூனிலேயே பள்ளி திறந்துவிடும், ஜூலையில் சனி, ஞாயிறை மட்டும்தான் நம்ப முடியும். 'ஜங்கிள் புக்' 2016-ல் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 8 அன்று இந்தியாவில் வந்தது. கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில் படம் ஓட்டத்தில் இருந்தது. 'முஃபாசா' டிசம்பர் 20-ல் வந்து அரையாண்டு விடுமுறையைப் பிடித்தது.

'லயன் கிங்' தமிழில் சித்தார்த், அரவிந்த்சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலி குரல்கள் தனி ஈர்ப்பாக இருந்தன. சிங்கத்தின் வாயசைவுக்கு ஏற்ப வசனம் எழுதுவது சுலபம், ஓர் அசை கூடினாலும் உறுத்தாது. மோவானாவில் மனித முகம், அதுவும் நெருக்கக் காட்சியில் பாடுகிற முகம். ஆங்கிலத்தில் வாய் திறந்தபடி நீளும் இடத்தில் தமிழில் ஆ, ஓ போன்ற நெடில் விழ வேண்டும். 'ம்', 'ப்' என்று உதடு மூடும் எழுத்து விழுந்தால் உடனே பொய்யாகத் தெரியும். ஆகவே தமிழ் டிரெய்லரில் பாட்டைக் கவனியுங்கள். அதில் பாட்டு ஆங்கிலத்திலேயே ஓடினால், டப்பிங் பதிப்புக்கு ஊர்ப்பக்கத் தியேட்டர்களில் ஒரு பகல் காட்சிக்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன்.