பிளட் பௌல் நண்பர் லீக்: எந்த வீட்டு விதி தேறும், எது சொதப்பும்?

லீக் கமிஷனர்

நண்பர்களுக்குள் பிளட் பௌல் (குட்டி பொம்மைகளும் பகடையும் வைத்து ஆடும் அடிதடி ஃபுட்பால் போர்டு கேம்) லீக் நடத்துகிறவர்கள் என்னென்ன வீட்டு விதி வைத்திருக்கிறீர்கள், எது தேறியது, எது சொதப்பியது என்று எழுதுங்கள். பேச்சு 2020 பதிப்பைப் பற்றி. 8 டீம், ஆளுக்கு 7 ஆட்டம், மொத்தம் 28 என்று வைத்துக்கொள்வோம்.

பிள்ளையார் சுழியை நானே போடுகிறேன். ஆடுகளத்துக்குள் நடப்பதைத் திருத்தாதீர்கள். பிளாக் (அடித்துச் சாய்ப்பது), டாட்ஜ் (நழுவி ஓடுவது), டர்ன்ஓவர் (சொதப்பினால் முறை எதிராளிக்குப் போவது) எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை. ஒரு நூலை இழுத்தால் நாலு அவிழும். லீக் கெடுவது இரண்டு ஆட்டத்துக்கு நடுவில்தான். காசு, செத்த ஆள், எஸ்.பி.பி. (ஆட்டக்காரர் சேர்த்து ஸ்கில் வாங்கும் அனுபவப் புள்ளி). இந்த மூன்றும் ஜெயித்தவன் பக்கமே குவிந்துகொண்டு போகும். கை வைப்பதென்றால் அங்கே வையுங்கள்.

ஹாஃப்லிங் விசிறி

முதல்ல எல்லாரும் பண்ற தப்பு: "ஹாஃப்லிங் பாவம், அவனுக்கு 11 லட்சம் குடுத்து ஆரம்பிக்க விடுவோம்." கேக்க நியாயமா இருக்கும். ஆனா அந்தக் கூடுதல் ஒரு லட்சத்துல ஆள், ரீரோல் (பகடையை மறுபடி உருட்டற வாய்ப்பு)னு வாங்கினா டீம் வேல்யூ, அதாவது டீமோட மொத்த மதிப்பு, ஏறும். எதிர்ல இருக்கற ஆர்க் டீம் 10 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சம், அது அப்படியே பெட்டி கேஷா (வேல்யூ குறைஞ்ச டீமுக்கு அந்த ஆட்டத்துக்கு மட்டும் கிடைக்கற காசு) ஆர்க்குக்குப் போகும்! இல்லாதவனுக்குக் குடுத்த காசை இருக்கறவன் வாங்கிட்டுப் போறான்.

ஹாஃப்லிங், காப்ளின், ஓகர், ஸ்னாட்லிங் நாலும் கடைசி அடுக்கு. இவங்களுக்கு உதவணும்னா வேல்யூவுல ஏறாத உதவியா இருக்கணும். நல்லா வேலை செய்யறது இது: தொடக்கத்துல ரெண்டு பேருக்கு ஆளுக்கு 6 எஸ்.பி.பி., அதுல ஆளுக்கு ஒரு பிரைமரி ஸ்கில் (அந்த ஆளுக்கு இயல்பான வகை). வழக்கமா இப்படித் தேர்ந்தெடுக்கற ஒவ்வொரு பிரைமரி ஸ்கில்லுக்கும் 20 ஆயிரம் வேல்யூ ஏறும். இந்த ரெண்டுக்கு மட்டும் முதல் சீசன் முழுக்க ஏத்தாதீங்க. ரெண்டும் சின்ன ஆளுங்களுக்குத்தான்னு எழுதி வைங்க. இல்லேன்னா மொத்தத்தையும் ட்ரீமேன் (ஹாஃப்லிங் டீம்ல ஆடற பெரிய மர ஆள்) தலையில கட்டிடுவாங்க, அப்புறம் பாவம்னு சொன்ன வாயே திட்டும்.

ஆட்டத்துக்கு வாடகைக்கு எடுக்கற ஹாஃப்லிங் சமையல்காரரை இலவசமாக் குடுக்காதீங்க. மத்த டீமுக்கு 3 லட்சம், ஹாஃப்லிங்குக்கு மட்டும் 1 லட்சம்னு ஏற்கெனவே தள்ளுபடி இருக்கு. ஒவ்வொரு பாதி ஆரம்பத்துலயும் மூணு பகடை, 4+ விழுந்த ஒவ்வொண்ணுக்கும் நமக்கு ஒரு ரீரோல் கூடும், எதிராளிக்கு ஒண்ணு குறையும். சராசரியா பாதிக்கு ஒன்றரை. இதை ஓசியில குடுத்தா மூணாவது வாரமே மத்தவங்க டீம் மாத்தணும்னு கேப்பாங்க.

டிவார்ஃப் கோச்

அடி உதை டீம்கள் விஷயத்துக்கு வருகிறேன். சண்டை எப்போதும் க்ளா (கவசத்தைக் கிழிக்கும் நகம்), மைட்டி ப்ளோ (பலத்த அடி) என்ற இரண்டு ஸ்கில்லும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் தொடங்கும். உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

டிவார்ஃப் ஆர்மர் (கவசம்) 10+. இரண்டு பகடையில் 10 அல்லது மேல் விழ 36-இல் 6 வழி. உடைந்த பிறகு இஞ்சுரிக்கு (காயத்துக்கு) உருட்ட வேண்டும்; அதில் கேஷுவல்ட்டிக்கு (பெருங்காயம்) மறுபடி 10+, அதே 6 வழி. ஆக, கீழே விழும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2.8 சதவீதம். எதிராளியிடம் க்ளா இருந்தால் மாற்றம் எதுவும் சேர்க்காமல் 8 விழுந்தாலே ஆர்மர் போச்சு: 36-இல் 15. மைட்டி ப்ளோவின் +1-ஐ இஞ்சுரிக்கு வைத்துக்கொள்ளலாம், எனவே 9 போதும்: 36-இல் 10. பெருக்கினால் 11.6 சதவீதம். நாலு மடங்கு.

அதே ஜோடி வுட் எல்ஃப் மீது? அவர்கள் ஆர்மரே 8+. க்ளாவால் கூடுதலாக ஒன்றும் இல்லை, மைட்டி ப்ளோ மட்டும்தான் உறைக்கும். ஆகவே "க்ளா தடை" என்ற வீட்டு விதியால் எல்ஃப் பிழைக்காது, பிழைப்பது நாங்கள்தான். எல்ஃப் கோச் அந்தத் தடைக்கு ஓட்டுப் போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

முழுத் தடை வேண்டாம். கேயாஸ் சோசனிடமிருந்து அதைப் பிடுங்கினால் அந்த டீமை ஏன் எடுக்க வேண்டும்? ஒரு டீமில் இரண்டையும் வைத்திருப்பவர் அதிகபட்சம் இருவர் என்று வையுங்கள், போதும். மூன்றாவது ஆள் வரும்போதுதான் எதிர் டீம் இரண்டாம் பாதியில் ஏழெட்டுப் பேரோடு நிற்கிறது.

எல்ஃப் கட்சி

ஓட்டுப் போட்ட பாவிகளில் நானும் ஒருவன், கணக்குக்கு நன்றி அண்ணே.

எல்ஃப் டீமைச் சாய்ப்பது சாவு இல்லை, சாவுக்குப் பிறகு வரும் செலவு. கேஷுவல்ட்டி பகடைக்கு 16 முகம். 15, 16 விழுந்தால் சாவு, 13, 14 விழுந்தால் நிரந்தர ஊனம். 1,25,000 கொடுத்து வாங்கிய வார்டான்ஸர் (வுட் எல்ஃப் நட்சத்திரம்) போனால் இரண்டு மூன்று ஆட்ட வருமானம் போனது போல. அதற்குள் அடுத்த ஆட்டம் ஜர்னிமேனோடு (ஆள் குறைந்தால் வரும் தற்காலிக ஆள்).

இதற்குச் சரியான மருந்து இழப்பீடு: ஒரு ஆட்டத்தில் செத்தவர்களில் விலை கூடிய ஒருவருக்கு மட்டும் அடிப்படை விலையில் பாதி. சம்பாதித்த ஸ்கில்லுக்குக் காசு கிடையாது. "11 பேருக்குக் கீழே போனால் மானியம்" என்று வைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே யாராவது நல்ல லைன்மேனை (சாதாரண ஆட்டக்காரரை) வேலையை விட்டு அனுப்பி 10 பேரோடு வந்து கை நீட்டுவார்கள்.

கொடுக்கும் நேரமும் முக்கியம். ஆட்டம் முடிந்தபின் வரும் படிகளில் ஆள் எடுப்பது நான்காவது, எக்ஸ்பென்சிவ் மிஸ்டேக்ஸ் ஐந்தாவது. இழப்பீட்டை நான்காவது படியில், ஆள் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். ஐந்தாவது படியில் கஜானாவில் ஒரு லட்சமோ மேலோ இருந்தால் பகடை உருட்ட வேண்டும், கெட்ட நேரம் என்றால் காசு போகும். ஆறுதலாகக் கொடுத்த காசே அவரை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தால் வெந்த புண்ணில் வேல்.

லீக் கமிஷனர்

இழப்பீடு அருமை. கூடவே இன்னொன்று: சிலர் "தொடக்கத்துக்குப் பிறகும் ரீரோலைப் பழைய விலைக்கே விற்போம், தோற்றவருக்கு உதவும்" என்பார்கள். உதவாது. தோற்றவரிடம் வாங்கக் காசே இருக்காது. தொடக்கத்துக்குப் பிறகு ரீரோலுக்கு இரட்டை விலை என்பது பணக்கார டீமுக்குப் போட்ட வேலி. அதைப் பிரித்தால் முதலிடத்தில் இருப்பவர்தான் உள்ளே மேய்வார்.

டிவார்ஃப் கோச்

ரேண்டம் ஸ்கில்லுக்கும் இதே கதை. முதல் ஸ்கில்லை நாமே தேர்ந்தெடுக்க 6 எஸ்.பி.பி., பகடையில் எடுக்க 3. "பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தடவை உருட்டு" என்று தாராளம் காட்டினால் பாதி விலையில் கிட்டத்தட்ட நல்ல ஸ்கில்லே கிடைக்கும், வேல்யூவும் 10 ஆயிரம்தான் ஏறும். நாலு ஆட்டத்துக்குப் பிறகு ஒருவரும் 6 சேர்க்கக் காத்திருக்க மாட்டார்கள்.

எம்.வி.பி.க்கு (ஆட்ட நாயகன் விருது) ஒரு சின்னத் திருத்தம் செய்யலாம். ஆறு பேரைச் சொல்லி பகடை உருட்டி ஒருவருக்கு 4 பாயின்ட் தருகிறோம் இல்லையா, அந்த ஆறில் மூவராவது இதுவரை எந்த முன்னேற்றமும் எடுக்காதவராக இருக்க வேண்டும் என்று வையுங்கள். டச்டவுனுக்கு 3 பாயின்ட் வாங்கிக்கொண்டே இருக்கும் ஒரே ஓட்டக்காரர் மேலேயே எம்.வி.பி.யும் விழுந்துகொண்டிருப்பது குறையும்.

ஹாஃப்லிங் விசிறி

ஆட்ட எண்ணிக்கையை விட்டுட்டீங்களே! ஒருத்தர் 5 ஆட்டம் முடிச்சிருப்பார், இன்னொருத்தர் ஊருக்குப் போய்ட்டு வந்து 2-லயே நிப்பார். வேல்யூ வித்தியாசத்துக்குப் பெட்டி கேஷ் வரும், ஆனா அது ஒரு ஆட்டத்தோட கரைஞ்சிடும், வளந்த ஸ்கில் கரையாது. யாரும் யாரைவிடவும் ரெண்டு ஆட்டத்துக்கு மேல முன்னால போகக் கூடாதுன்னு ஒரு வரி எழுதினா போதும். இதுக்கு விதிப்புத்தகமே வேணாம், வாட்ஸ்அப்ல ஒரு அட்டவணை போதும்.

எல்ஃப் கட்சி

இரண்டாவது சீசனுக்கு என்ன செய்கிறீர்கள்? ரீட்ராஃப்ட்டை (புது சீசனுக்கு டீமை மறுபடி காசு கொடுத்துக் கட்டுவது) அப்படியே விட்டால் முதல் சீசனில் ஜெயித்தவர் மலை போல வந்து நிற்கிறார்.

லீக் கமிஷனர்

அடிப்படை 10 லட்சம், அதோடு கஜானா மிச்சம், ஆடிய ஆட்டத்துக்கு, ஜெயித்ததற்கு என்று சேர்ந்துகொண்டே போகும். மேலே ஒரு கூரை போடுங்கள்: 13 லட்சம். அதற்கு மேல் இருப்பது அழிந்தது, கஜானாவிலும் வைக்க முடியாது. கூரையை 11.5 லட்சத்துக்கு இறக்கினால் யாரும் பழைய ஆட்களை வைத்திருக்க முடியாது, ஒரு சீசன் வளர்த்த பாசம் வீண். 15-க்கு ஏற்றினால் கூரை இருந்தும் இல்லாதது போல.

பழைய ஆளை வைத்துக்கொள்ள அவருடைய இப்போதைய மதிப்போடு, முடித்த ஒவ்வொரு சீசனுக்கும் 20 ஆயிரம் ஏஜென்ட் கட்டணம் சேரும். இதைத் தள்ளுபடி செய்யாதீர்கள். நட்சத்திரங்களைத் தானாகவே வீட்டுக்கு அனுப்புவது இந்தக் கட்டணம்தான். கமிஷனர் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை. ஹாஃப்லிங்குக்குக் கொடுத்த இரண்டு ஸ்கில்லும் இந்தக் கட்டத்தில் முழு மதிப்புக்கு வந்துவிட வேண்டும்.

டிவார்ஃப் கோச்

கடிகாரம் வைக்கிறீர்களா? நான் செஸ் கடிகாரம்தான் சொல்வேன். பாதிக்கு 8 டர்ன், மொத்தம் 16, டர்னுக்கு 4 நிமிடம் என்றால் ஆளுக்கு 64; வட்டமாக 70 நிமிடம் கொடுங்கள். எதிராளி ஆர்மர் உருட்டும்போதும் அப்போதகரி (டீம் வைத்தியர்) பற்றி யோசிக்கும்போதும் கடிகாரத்தைத் தட்டி அவர் பக்கம் ஓட விட வேண்டும், இதை மறப்பதில்தான் பாதிச் சண்டை.

நேரம் தீர்ந்தவருக்கு? தோல்வி என்று அறிவிக்காதீர்கள். அவர் டர்னில் கீழே கிடப்பவர்களை எழுப்பலாம், பகடை உருட்ட வேண்டிய எதையும் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

ஹாஃப்லிங் விசிறி

ட்ரீமேன் எந்திரிக்கவே பகடை உருட்டணும் சார். அவருக்கு விதிவிலக்கு உண்டா?

டிவார்ஃப் கோச்

கிடையாது. படுத்தே இருக்கட்டும்.