மறுமொழி: தலைமயிர் 'பிளீச்' பண்ணுறதுக்குத் தமிழ்ச் சொல்: வெளிற்றலா, நிறங்கழற்றலா?

> பாடப்புத்தகத்தில 'வெளிற்றல்' எண்டு நல்ல சொல் கிடக்கு. தூளுக்கு 'வெளிற்றும் தூள்'. புதுசா ஒண்டும் தேவையில்லை, பிள்ளை.

அண்ணை, வெளிற்றல் வடிவான சொல்தான், நானும் ஓ/எல் பிள்ளையளுக்கு அதைத்தான் படிப்பிக்கிறன். ஆனா அந்தச் சொல்லாலதான் போன மாதம் எங்கட வீட்டில ஒரு பெரிய ஆபத்து வரப்பாத்தது, அதைச் சொன்னாத்தான் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமா நிக்கிறன் எண்டு உங்களுக்கு விளங்கும்.

என்ர பெறாமகள், கம்பஸ் முதலாம் வருசம், தலைமயிர் நுனியை மட்டும் மஞ்சளாக்கப் போறன் எண்டு ஒரே நிலையா நிண்டவள். அவள் பாத்த வீடியோவில 'பிளீச்சிங் பவுடரைக் குழையுங்கோ' எண்டு சொல்லுறாங்கள். எங்கட கிணத்தடிக் கொட்டிலுக்க, மாரி முடியக் கிணறு இறைச்சுப்போட்டுப் போடுறதுக்கு வாங்கின பிளீச்சிங் பவுடர் ஒரு வாளியில கிடந்தது, அதில 'வெளிற்றும் தூள்' எண்டு தமிழில எழுதி ஒட்டினதும் நான்தான். அவள் ரண்டு கரண்டி அள்ளிக் கோப்பைக்குள்ள போட்டு, பக்கத்தில தேசிக்காயும் வெட்டி வைச்சிட்டாள். குளோரின் மணம் குசினி வரைக்கும் வந்தபடியாத்தான் நான் ஓடிப்போய்ப் பிடுங்கினன்.

கிணத்துக்குப் போடுறது கல்சியம் ஐப்போகுளோரைற்று. அது கிருமியைக் கொல்லுற சாமான், தலையில பட்டா தோலை எரிக்கும், மயிரையே கரைக்கும், தேசிக்காய்ப் புளி பட்டா குளோரின் வாயு கிளம்பும். தலைக்குப் போடுற தூள் முழுக்க வேற, அது அமோனியம், பொற்றாசியம் பேர்சல்பேற்று மாதிரி உப்புகள், ஐதரசன் பேரொட்சைட்டோட குழைக்கிறதுக்கு. இங்கிலீசில ரண்டுக்கும் 'பிளீச்' எண்ட ஒரே பேர் விழுந்துபோச்சு, சரி. தமிழில நாங்கள் புதுசா வைக்கேக்கையும் அதே குழியை ஏன் வெட்டோணும்? 'வெளிற்றும் தூள்' எண்ட பேருக்கு ஏற்கெனவே கிணத்துத் தூள் சொந்தக்காரன், அதைப் பறிச்சு இன்னொண்டுக்குக் குடுக்கேலாது.

'வெளுத்தல்' எண்டு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அது உடுப்புத் தோய்க்கிறதுக்குப் போகும், அடிக்கிறதுக்கும் போகும். 'நிறநீக்கம்' பிழையில்லை, ஆனா ஒரே தரத்தில முழுக்கப் போயிடும் எண்ட மாதிரிக் கேக்குது, அப்பிடி நினைச்சுத்தான் சனம் நிறம் போகுமட்டும் மணித்தியாலக் கணக்கா வைச்சிருந்து தோலைப் புண்ணாக்குது.

நான் சொல்லுறது 'நிறங்கழற்றல்'. தூளுக்கு 'நிறங்கழற்றித் தூள்'. சேலை தோய்க்கேக்க 'சாயம் கழருது' எண்டு எங்கட அம்மம்மா காலத்திலயிருந்து சொல்லுறம், அந்தக் கழரல் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நடக்கும், தலைமயிரிலயும் அப்பிடித்தான். தூளில இருக்கிற காரம் மயிரின்ர வெளிச்செதிலை உப்பவைக்கும், பேரொட்சைட்டு உள்ளுக்க போய் மயிருக்கு நிறம் குடுக்கிற மெலனினை ஒட்சியேத்தி உடைக்கும், கறுப்பு மெலனின் முதல்ல போகும், சிவப்பு மஞ்சள் மெலனின் கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டு நிக்கும். அதாலதான் எங்கட கறுப்புத் தலை முதல்ல மண்ணிறம், பேந்து சிவப்பு, பேந்து தோடம்பழ நிறம், அதுக்குப் பிறகுதான் மஞ்சள். அந்த இடைப்பட்ட நிலைக்கு எங்களிட்ட 'செம்பட்டை' எண்டு பழஞ்சொல்லே இருக்கு! கலைச்சொல் பட்டியலில 'செம்பட்டை நிலை' எண்டு ஏத்தினா, அங்க வந்து நிக்கிறது பிழையில்லை, பாதி வழிதான் எண்டு பிள்ளையளுக்கு விளங்கும், பயந்துபோய் அண்டைக்கே திருப்பிப் பூசாயினம், ரண்டு கிழமையாவது விட்டுத்தான் அடுத்த தரம்.

அடுத்தது தூளோட குழைக்கிற அந்தப் போத்தல், 'டெவலப்பர்'. 'விருத்தியாக்கி' எண்டு ஆரோ போட்டிருக்கினம், அது என்னத்தை விருத்தியாக்குது? உள்ளுக்க இருக்கிறது வெள்ளை நிறத்தில தடிப்பா ஒரு பேரொட்சைட்டுக் கலவை. நான் 'ஒட்சிப்பால்' எண்டு வைக்கிறன். இதோட, அந்தப் போத்தலில போட்டிருக்கிற '20 வொலியூமை'யும் தமிழில 'கனவளவு 20' எண்டு போடாதேங்கோ, அது போத்தலின்ர அளவு எண்டு நினைப்பினம். உண்மையில ஒரு லீற்றர் கரைசல் உடைஞ்சா 20 லீற்றர் ஒட்சிசன் வாயு வரும் எண்ட கணக்கு அது. 10 எண்டா 3%, 20 எண்டா 6%, 30 எண்டா 9%, 40 எண்டா 12%. வீதமாச் சொன்னா '12' எண்டு கேக்கேக்கயே சுடும் எண்டு தெரியும். வீட்டில செய்யிறவைக்கு 6% காணும், அதுக்கு மேல தலைத்தோலுக்குக் கிட்டயும் கொண்டுபோகக் கூடாது.

1847இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன், மானிப்பாயில தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், 1875இல வந்த இரசாயனப் புத்தகத்துக்கு 'கெமிஸ்தம்' எண்டே பேர். விளங்கினாக் காணும் எண்டு துணிஞ்சு வைச்ச பேர் அது. எனக்கும் சொல் அழகா இருக்கோணும் எண்டதை விட, கைபிசகாமல் இருக்கோணும்.

பெறாமகளுக்கு எழுதிக் குடுத்ததையும் இதில போடுறன், சொல்லுகள் ஓடுதோ எண்டு பாருங்கோ. முதல் நாள் தலை முழுகாத, எண்ணெய்ப்பிடிப்பு தோலுக்குக் காவல். பைக்கற் மருதோண்டியோ கறுப்புச் சாயமோ முந்திப் பூசியிருந்தா கிட்டவும் போகாத, சிலதில உலோக உப்பு இருக்கும், ஒட்சிப்பால் பட்டா சூடேறி மயிர் பொரிஞ்சு விழும். 48 மணித்தியாலத்துக்கு முதல் காதுக்குப் பின்னால துளி வைச்சுப் பார், உள்ளுக்க இருந்து ஒரு சின்னக் கற்றையில செய்தும் பார். சில்வர்க் கோப்பை வேண்டாம், பிளாஸ்ரிக். கையுறை போடு, யன்னலைத் திற, தொய்வு வருத்தம் உள்ள அப்பப்பாவை அந்த அறைக்க விடாத, அந்தத் தூள் மூச்சுக்குள்ள போனா இழுப்பு வரும். நுனியில தொடங்கு, அடிமயிரைப் பிறகு பார், தலைச்சூட்டில அது கெதியாக் கழரும். வெயிலுக்க போய் இருக்காத. அஞ்சு பத்து நிமிசத்துக்கு ஒருக்காத் துடைச்சுப் பார், பைக்கற்றில சொன்ன நேரத்துக்கு மேல ஒரு நிமிசமும் வேண்டாம், எரிஞ்சா அந்த நிமிசமே கழுவு. மிச்சக் கலவையைப் போத்தலில போட்டு மூடி வைக்காத, வாயு நிரம்பி வெடிக்கும்.

கழற்றின பிறகு மிஞ்சிற நிறத்தை அடக்கப் பூசுற 'ரோனர்' தான் எனக்குச் சங்கடம். மஞ்சளை ஊதாவும் தோடம்பழ நிறத்தை நீலமும் அடக்கும், வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுற அதே கணக்கு. 'நீலமிடல்' எண்டு வைச்சா எவ்வளவு சொந்தமா இருக்கும்! ஆனா நாளைக்கு ஒரு பிள்ளை சவுக்காரக் கடையில உடுப்பு நீலத்தை வாங்கித் தலையில பூசினா? மனசில்லாமல்தான் 'நிறந்தணி' எண்டு எழுதியிருக்கிறன்.

---

பிள்ளை, கிணத்துத் தூள் கதையை வாசிச்சு நெஞ்சு பதறிப்போச்சு. நிறங்கழற்றல், செம்பட்டை நிலை, நிறந்தணி மூண்டையும் ஏத்துவம். 'வெளிற்றும் தூள்' கிணத்தோட இருக்கட்டும்.

ஆனா உம்மட நியாயத்தையே நான் திருப்பிக் கேக்கிறன். ஒட்சிப்பால் எண்டு எழுதி வெள்ளையா ஒரு போத்தல் வீட்டில இருந்தா, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுற சின்னன் 'பால்' எண்டதை மட்டும் வாசிக்காதோ? பாடப்புத்தகத்தில 'ஒட்சியேற்றி' கிடக்கு, அது ஒருத்தரும் குடிக்க நினைக்கிற பேர் இல்லை.

---

அண்ணை, அது எனக்கு ஓடேல்லை. ஒட்சியேற்றி எண்டே போடுவம், '6% ஒட்சியேற்றி' எண்டு வீதத்தோட சேத்து. வாளியில இருந்த பழைய துண்டையும் கிழிச்சுப்போட்டு 'கிணத்துக் குளோரின் தூள்' எண்டு இப்பத்தான் எழுதி ஒட்டினனான்.